மேட்டில் இழுக்காத பழைய ஆல்டோ: பம்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். 2006 மாடல் ஆல்டோ, பெட்ரோல், 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆறு மாதமாகப் பிக்கப் குறைந்துகொண்டே வருகிறது. ஏற்காடு ஏறினால் இரண்டாம் கியரைத் தாண்ட முடியவில்லை. நேர் ரோட்டிலும் 70-க்கு மேல் திணறுகிறது. அதற்கு முன் இரண்டு மாதம் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகி (பெட்ரோல் சரியாக எரியாமல்) ஓடியது. பிளக் மாற்றியதும் நின்றது. மெக்கானிக் ஃப்யூயல் பம்பையும் இன்ஜெக்டர்களையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள்.

ஏற்காட்டை வைத்து வண்டியை எடைபோட வேண்டாம். அது சுமார் 1,500 மீட்டர் உயரம். 300 மீட்டர் ஏறினால் எஞ்சின் சக்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். 796 சிசி எஞ்சின், நாலு பேர், ஏசி என்றால் கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியர் கேட்பது இயல்புதான். நேர் ரோட்டில் 70-இல் திணறுகிறதே, கோளாறு அதில்தான் தெரிகிறது.

எஞ்சினில் சக்தி பிறக்கவில்லையா, பிறந்தும் சக்கரத்துக்கு வரவில்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். காலி ரோட்டில் நான்காம் கியரில் 40-இல் போய் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. அப்புறம், பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டும் சரி என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரை ஆக்ஸிலரேட்டர் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் கேபிள் தளர்ந்திருக்கும். இதைப் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு. ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் அந்த இரண்டு மாத மிஸ்ஸிங் மேல்தான். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். அப்போது ஐட்லிங் ஓரளவு ஒழுங்காக இருக்கும், குலுக்கலும் இருக்காது. வேகம் கூடக்கூட யாரோ பின்னால் கட்டி இழுப்பதுபோல் இருக்கும். பெட்ரோல் போதாத வண்டி பெரும்பாலும் வெட்டி வெட்டி இழுக்கும்.

சோதிப்பது எளிது. கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு உறுதி. கேஜ் இயல்பாகக் காட்டினால் ஃப்யூயல் பிரஷர், பிறகு மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்பது), அதன்பின் வால்வுகள் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்ற வரிசையில் போங்கள். பம்பை மாற்றுவதும் பிரஷரை அளந்த பிறகுதான்.

அடைத்த கன்வர்ட்டரை உடைத்துக் காலியாக்கித் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், புகை நச்சாகும், ஆர்.சி. புதுப்பிக்கும்போதும் சிக்கும். சோதனை முடியும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். அடைத்த கன்வர்ட்டர் கடுமையாகச் சூடேறும் என்பதால் காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தவே கூடாது.