கயாவில் ஒரு காலை மிச்சம்

கேள்வி: அப்பாவுக்குப் பிண்டம் போட ஜனவரியில் கயா போகிறோம். ஊர் திரும்பும் நாளன்று காலை மட்டும் சும்மா இருக்கிறோம். புத்த கயாவுக்குப் போய்வர அது போதுமா? அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி வேறு. திதி கொடுக்கப் போன இடத்தில் இன்னொரு மதத்துக் கோயிலுக்குப் போகலாமா என்றும் தயங்குகிறார்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மாவின் தயக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். கயா சிராத்தம் செய்பவர்களில் சிலர் புத்த கயாவின் அரச மரத்துக்கும் வந்து பிண்டம் போடுவது பழைய வழக்கம். தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

கயாவிலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான். அங்கே புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் இருக்கும் மகாபோதி கோயில் காலை 5 மணிக்குத் திறக்கிறது, இருட்டோடு கிளம்பிவிடுங்கள். 2013-இல் அங்கே குண்டு வெடித்த பிறகு மொபைலை உள்ளே விடுவதில்லை. வெளியே ஒப்படைத்துவிட்டுப் போகலாம், ஆனால் அந்த வரிசையிலேயே எனக்கு அரை மணி போனது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, போனை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

கோயில் தரைமட்டத்தைவிடத் தாழ்வில் இருப்பதால் படி இறங்க வேண்டும். அம்மா இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கருவறையில் வலக்கையால் பூமியைத் தொட்டபடி பொன்னிறப் புத்தர். கும்பிட்டுவிட்டு, கோயிலின் பின்பக்கம் மரத்தடியில் அம்மாவை உட்கார வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் திபெத்தியர்கள் பலகை மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து எழுவார்கள். உள்ளங்கை பலகையில் வழுக்கிப் போகும் அந்தச் சரக் சரக் சத்தம் ஊர் திரும்பியும் எனக்குக் காதில் இருந்தது.

புத்தர் உட்கார்ந்த அதே மரமா என்று அம்மா கேட்பார். இல்லை. பழைய மரம் 1876-இல் விழுந்துவிட்டது. இப்போது இருப்பது ஆங்கிலேயத் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் கன்னிங்காம் அதன் கன்றிலிருந்து நட்டது.

இலையைப் பறிக்கக் கூடாது. தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். போன முறை ஒன்று விழ, ஒரு தாய்லாந்துப் பாட்டி, ஒரு குட்டி பிக்கு, நான், மூன்று பேரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். அறுபது வயதில் இப்படி ஓடியிருக்க வேண்டாம்தான். பையன் எடுத்துப் பாட்டியிடம் நீட்டினான். பாட்டி என் முகத்தைப் பார்த்தார். பைக்குள் துழாவி, முன்னாலேயே எடுத்து வைத்திருந்த இன்னொரு இலையை என் கையில் வைத்தார். பூச்சி அரித்தது, வால் நுனி மட்டும் முழுசாக இருந்தது. இப்போது என் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது.

80 அடி புத்தர் சிலை, ஜப்பான் கோயில், பூட்டான் கோயில் என்று ஆட்டோக்காரர் ஒரு சுற்று இழுப்பார். உங்களுக்கு இருப்பது ஒரு காலை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் தாமதமாகும், கணக்கில் வையுங்கள். அப்புறம், உள்ளே செருப்பு கிடையாது, தரை ஐஸ் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பனியில் நனைந்துவிடும்.