35 எப்படி வந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள்

கேள்வி: தாராவியில் தமிழ்வழி நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 34 பிள்ளைகள். பாதிப்பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. பயிற்சியில் இதையே செயல் ஆராய்ச்சியாக, அதாவது என் வகுப்புச் சிக்கலை நானே ஆராய்ந்து தீர்ப்பதாக, செய்யலாம் என்றார்கள். பத்து நாளில் திட்டம் தர வேண்டும். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒப்பிட வேண்டுமா? டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) போட வேண்டுமா? ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் முழு அறிக்கையும் 2,500 ரூபாய்க்குக் கிடைக்குமாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். இப்படி விற்கும் அறிக்கைகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். பள்ளியின் பெயரும் தேதியும் மட்டும் மாறும். முன்தேர்வுச் சராசரி, பின்தேர்வுச் சராசரி, மேலே ஏறும் வரைபடம் எல்லாம் அதேதான். மும்பை நகருக்குள் இருக்கும் சயான் பக்கத்துப் பள்ளி ஒன்றைப் பற்றி வந்த அறிக்கையில், பெற்றோர் வயல் வேலைக்குப் போவதால் பிள்ளைகள் வீட்டில் படிப்பதில்லை என்று இருந்தது. சயானில் ஏது வயல்? கேட்டதும் அந்த ஆசிரியை அழுதுவிட்டார். காசும் போய்ப் பெயரும் கெட்டது அவருக்கு. விற்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாணவர் பட்டியலைக் கொடுங்கள், மதிப்பெண்ணை நானே போட்டுக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால், பட்டியலைக் கையில் கொடுக்கவே வேண்டாம்.

வகுப்பைப் பிரிக்கவும் வேண்டாம், டி-சோதனையும் வேண்டாம். கொலம்பியா ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி 1953-இல் பள்ளிகளுக்காகச் செயல் ஆராய்ச்சி முறையை விளக்கி எழுதினார். ஆசிரியர் தன் வகுப்பில் எடுக்கும் முடிவைத் தானே ஆதாரத்தோடு சோதித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். உங்களுக்கு வேண்டிய ஆதாரம் பிள்ளைகளின் நோட்டிலேயே இருக்கிறது.

52-27 என்று கணக்குக் கொடுத்தால் பலர் 35 என்று எழுதுவார்கள். ஒரு பிள்ளை பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கும்: 7-2, 5-2. இன்னொன்று சரியாகக் கடன் வாங்கி 12-7 போட்டிருக்கும். ஆனால் பத்தாம் இடத்தில் 5-ஐ 4 ஆக்க மறந்திருக்கும். இரண்டுக்கும் விடை 35. நோய் வேறு, மருந்தும் வேறு. அதனால் ஒன்றாம் இடத்து எண்களின் வித்தியாசம் 5 வராதபடி கணக்கைத் தேர்ந்தெடுங்கள். 53-27 கொடுங்கள். முதல் பிள்ளை 34 எழுதும், இரண்டாவது 36 எழுதும். சரியான விடை 26. முதல் தேர்வுக்கு இப்படி ஆறு கணக்கு போதும். அதில் 50-27 போல பூஜ்யம் வரும் கணக்கு ஒன்று இருக்கட்டும். விடை எப்படி வந்தது என்று தப்பாகப் போட்டவர்களைத் தனியாகக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

அப்புறம் செயல். பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய் நாணயம் வைத்துச் சில்லறை மாற்ற விடுங்கள். உங்கள் வகுப்பில் இட்லி வியாபாரம் நடக்கும் வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். கையில் சில்லறை சரியாகக் கொடுப்பவனே நோட்டில் தப்பாகப் போடுவான். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், நான்கு வாரம். இரண்டாம் வார முடிவில் பார்த்து, பலன் இல்லையென்றால் முறையை மாற்றி, ஏன் மாற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். திட்டம் பாதியில் மாறுவது இதில் குற்றமே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கணபதிக்கும் தீபாவளி விடுமுறைக்கும் நடுவில் செய்தால், தசராவுக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஊருக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். நான்கு வாரம் முடிந்து வைக்கும் கடைசித் தேர்வன்று மட்டும் வராதவனுக்கு, வந்த அன்றே தேர்வு வைத்துக் கணக்கில் சேருங்கள். பன்னிரண்டு நாள் பாடத்தில் ஆறு நாளுக்கும் மேல் வராதவனைத் தனி வரிசையில் எழுதுங்கள். மற்றவர்களோடு கூட்ட வேண்டாம், பட்டியலிலிருந்து அடிக்கவும் வேண்டாம். முதல் தேர்வே எழுதாதவனுக்கு ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனாலும் பாடத்தில் உட்காரட்டும். 34 பேர் என்று தொடங்கி 29 பேரோடு முடித்தால் மீதி ஐந்து பேர் எங்கே என்று ஒரு வரி இருக்க வேண்டும். அடித்துவிட்ட பெயர்களால்தான் நல்ல ஆராய்ச்சிகள்கூடப் பொய்யாகின்றன.

பத்து நாளில் திட்டம்தான் எழுத முடியும், முடிவு எழுத முடியாது. இதைக் கேட்பவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அவசரப்படுத்துகிறார்கள், நாற்பது பக்கம் இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். இந்த அவசரத்தால்தான் ஜெராக்ஸ் கடைக்காரர் பிழைக்கிறார். நீங்கள் நான்கு பக்கம் கொடுங்கள். எந்தப் பிழை, எத்தனை பேரிடம், என்ன செய்யப்போகிறீர்கள், எந்தெந்தத் தேதியில், எதை வைத்து மாற்றத்தைப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டாலும் பிள்ளைகள் சொன்ன பதில்களைத் தமிழிலேயே வைத்து, கீழே மொழிபெயர்ப்பு கொடுங்கள்.