அப்பாவும் பெரியப்பாவும்

அன்புள்ள சார்,

பாலிடெக்னிக்கில் மெட்டீரியல் டெஸ்டிங் எடுக்கிறேன். பூர்வீகம் பண்ருட்டிப் பக்கம். தானே புயலில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் முந்திரித் தோப்பு மொத்தமாகப் போயிற்று. பெரியப்பா மறுவருடமே ஒட்டுக்கன்று நட்டார். பெரியப்பா மகனான அண்ணன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான். அப்பா நிலத்தை விற்றுவிட்டு கடலூரில் வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர், இன்றுவரை ஊர்ப்பக்கம் போவதில்லை. மீண்டெழும் திறன் பிறவியில் வருவதா, பழகிக்கொள்வதா? இதுபற்றி நல்ல புத்தகம் சொல்லுங்கள்.

க., கடலூர் முதுநகர்

அன்புள்ள க.,

பிறவியா பழக்கமா என்பது பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு. விடுங்கள். புத்தகமும் அப்புறம். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், ‘கடலூர்க்காரர்கள் எதையும் தாங்குவார்கள்’ என்று டிவியில் யாராவது பாராட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் கடிதமும் அதே சமயத்தில் வந்து சேர்ந்தது.

நீங்கள் எடுக்கும் பாடம்தான். ஒரு மீட்டர் சாதா ஸ்டீல் கம்பி ஏறக்குறைய 1.25 மில்லிமீட்டர் வரை நீண்டால், விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் வராது. அதற்காகக் கம்பியைக் கோழை என்று எந்த ரெக்கார்டிலாவது எழுதியிருக்கிறீர்களா? எவ்வளவு பாரம் என்பதைத்தானே முதலில் குறிக்கிறீர்கள்? அப்பா விஷயத்தில் மட்டும் பாரத்தை விட்டுவிட்டு ரிசல்ட்டை எழுதுகிறீர்களே, ஐயா!

பாரம் என்ன தெரியுமா? ஒட்டு முந்திரி காய்ப்புக்கு வரவே மூன்று வருடம். தோப்பு வருமானம் என்று சொல்லும்படி ஆக இன்னும் சில வருடம். அதுவரை அடுப்பு எரிய வேண்டும், வாங்கிய கடனுக்கு வட்டி போக வேண்டும். ‘அண்ணன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பெரியப்பாவின் ஒட்டுக்கன்று அந்த வரியில்தான் நிற்கிறது. இருவரும் ஒரே கம்பிதான். ஒன்றுக்குப் பக்கத்தில் பாரத்தைப் பங்குபோட இன்னொரு கம்பி இருந்தது, அவ்வளவுதான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே கரையேறியது. பொங்கலுக்கு முன்னால் காடாம்புலியூர்ப் பக்கம் போயிருந்தேன். வேரோடு சாய்ந்த மரங்களில் இலை இன்னும் முழுசாக வாடவில்லை. விறகு வியாபாரி அடிமரத்தைச் சுற்றி டேப் பிடித்துக்கொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தவர் தோப்புக்காரர். “எத்தனை டன் தேறும்?” என்று அவரே கேட்டார். அவர் மறுபடி நட்டாரா, விற்றாரா, எனக்குத் தெரியாது. எதைச் செய்திருந்தாலும் அவருக்கு மார்க் போட எனக்கு மனசு வராது.

எல்லைக்குள்ளேயே இருந்தாலும், திரும்பத் திரும்பப் பாரம் ஏறினால் உலோகம் விரிசல் விடும் என்பதையும் நீங்கள் நடத்தியிருப்பீர்கள். 2004இல் சுனாமி, 2011இல் தானே, 2015இல் வெள்ளம் என்று ஒரே மாவட்டத்தின் தலையில் ஏற்றிவிட்டு, ‘இவர்கள் தாங்குவார்கள்’ என்று தட்டிக்கொடுத்தால், அடுத்த முறை வடிகாலைத் தூர்வார வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது பாருங்கள்.

அப்பா ஊர்ப்பக்கம் போகாததற்கு என்ன காரணம் என்று அவரிடமே கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. நிலம் விற்ற பணம் எங்கே போனது என்றும் எழுதவில்லை. 2012இல் நீங்கள் என்ன படித்துக்கொண்டிருந்தீர்கள், ஃபீஸ் யார் கட்டினார்?