எடுத்துவரும் நாய்கள்: ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி பதில்

நீலகிரி வெலிங்டனிலிருந்து எழுதுகிறேன். ராணுவ நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சொறி, வாந்தி, காய்ச்சலுக்குக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குட்டி விலை கேட்காதீர்கள், நான் விற்பதில்லை.

குன்னூர்: ரெட்ரீவர் வேட்டை நாய் என்கிறார்கள். எங்கள் லேப் எலியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. வேட்டையில் இதற்கு என்ன வேலை ஐயா?

கொல்வது இதன் வேலை இல்லை. சுட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து, சேதமில்லாமல் கையில் கொடுப்பதுதான் வேலை. இதன் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு இருந்தவை. வலையை இழுக்கவும், நழுவிய மீனைக் கவ்வி வரவும் குளிர்ந்த கடலில் குதித்தவை. அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்த நாய்களைப் பிரபுக்கள் வேட்டைக்கு வளர்த்தார்கள். 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. கோல்டனின் கதை 1868இல் ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர் தன் மஞ்சள் நாயை ஒரு நீர் ஸ்பேனியலோடு சேர்த்தார்.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும். துப்பாக்கிக்காரர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மூன்று பறவைகள் மூன்று திசையில் விழுந்தால் மூன்று இடத்தையும் மனதில் வைத்துக்கொள்ளும். அதில் ஒன்றுக்கு இறக்கை மட்டும் ஒடிந்திருந்தால் அது புதருக்குள் ஓடிவிடும். வழியில் வேறு பறவைகளின் வாசனை எவ்வளவு புதிதாக இருந்தாலும் நாய் அதை ஒதுக்கிவிட்டு, அடிபட்டது போன தடத்தையே பிடித்துப் போகும். முள், சேறு, சில்லென்ற தண்ணீர் எதற்கும் திரும்பாது. இங்கிலாந்துப் போட்டிகளில் குரைத்தாலோ முனகினாலோ நாய் வெளியே. அனுப்புமுன் ஓடினாலும், பறவையை அழுத்திக் கடித்தாலும், தண்ணீருக்குள் இறங்க மறுத்தாலும் வெளியே. வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாலும் அப்படித்தான்.

நம் மலையிலும் இது நடந்திருக்கிறது. குளிர்காலத்தில் சோலை ஓரங்களுக்கு வரும் வுட்காக் பறவைக்காகத் துரைமார் நாயோடு அலைந்த காலம் ஒன்று உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதில் வந்த திருத்தமும் அந்தக் கதையை முடித்தன. இன்று நாம் பழக்குவது டம்மியை, அதாவது பறவைக்குப் பதிலாக எறியும் துணிப் பொதியை, வைத்து மட்டும்தான்.

கோத்தகிரி: பந்தை எறிந்தால் பாய்ந்து எடுக்கிறான். ஆனால் கொடுக்காமல் தோட்டம் முழுக்க ஓட விடுகிறான். என்ன செய்ய?

துரத்தாதீர்கள். நீங்கள் துரத்தத் துரத்த அவனுக்கு அது பிடிபடாத விளையாட்டு. அவனுக்கு முதுகைக் காட்டி எதிர்த்திசையில் ஓடுங்கள், பின்னாலேயே வருவான். முதலில் வீட்டு நடை மாதிரி இரண்டு பக்கமும் சுவர் உள்ள குறுகிய இடத்தில் பழக்குங்கள். அங்கே தப்பிப் போக வழியே இருக்காது. கொண்டு வந்ததும் உடனே பிடுங்க வேண்டாம். பெரும்பாலானோர் கெடுப்பது இந்த இடத்தில்தான். வாயில் வைத்தபடியே நிற்கட்டும். நெஞ்சைத் தடவி, நல்ல வார்த்தை நாலு சொல்லுங்கள். பிறகு "கொடு" என்று சொல்லி, தானாக விடும்போது வாங்கிக்கொள்ளுங்கள். உடனே திரும்ப எறியுங்கள். கொடுத்தால் போய்விடும் என்று நினைத்தவன், கொடுத்தால் மறுபடி கிடைக்கும் என்று கற்பான்.

நாலைந்து முறைக்கு மேல் எறியாதீர்கள். இன்னும் வேண்டும் என்று அவன் துடிக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். சலிக்கும்வரை எறிந்தால் அவன் கற்றுக்கொள்வது சலிப்பைத்தான்.

குச்சி மட்டும் எறிய வேண்டாம். தரையில் குத்திட்டு நிற்கும் குச்சியின் மேல் வேகமாகப் பாயும் நாய்க்கு அது தொண்டையில் இறங்கும். பழைய காலுறையில் துணி அடைத்துத் தைத்தால் நல்ல டம்மி.

பந்தலூர்: அண்ணே, என் லேபை முயல் பிடிக்கப் பழக்கலாமா?

கூடாது. சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமில்லை தம்பி. காட்டு விலங்கை விரட்டுவதும் அதில் அடக்கம். முயலுக்கும் அது பொருந்தும்.

ஊட்டி: தேயிலைத் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு ஓட விடலாமா?

விடிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் கூடவே கூடாது. தேயிலைச் செடிக்குள் காட்டெருமை படுத்திருந்தால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. நாய் குரைத்து அதைக் கிளப்பிவிட்டு நேரே உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே காட்டெருமையும். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. நீளமான கயிறு கட்டி, நல்ல வெளிச்சத்தில், மருந்து அடிக்காத தோட்டத்தில் பழக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

கொடைக்கானல்: சார், எங்க கோல்டன் எடுத்த பந்தைக் கொடுக்க மாட்டேங்குது.

கோத்தகிரிக்காரருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

கூடலூர், உயிரியல் ஆசிரியர்: விசுவாசம், வைராக்கியம் என்று எல்லோரும் உருகுகிறார்கள். லேப்ரடாரில் பொமக் என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இது உண்டு. அவற்றுக்குப் பசி அடங்குவதில்லை. உதவி நாய்களாகத் தேர்வானவற்றில் இது இன்னும் அதிகம். ஆக, நீங்கள் விசுவாசம் என்பது பிஸ்கட் ஆசை. ஒத்துக்கொள்வீர்களா?

ஆய்வு சரி. தீனிக்கு மயங்கும் நாய் சீக்கிரம் கற்கும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன் சார். பசி அடங்காத நாய் வாத்தை வாயில் வைத்திருக்கிறது. சுடச்சுட இறைச்சி, பக்கத்தில் ஆள் இல்லை, மறைவுக்கு நாணல். அதைத் தின்னாமல் ஏன் நீந்தி வந்து கொடுக்கிறது? பிஸ்கட்தான் காரணம் என்றால் அதைவிடப் பெரிய பிஸ்கட் ஏற்கெனவே வாயில் இருக்கிறதே!

அதே ஆசிரியர்: தின்ற நாய்களை மனிதன் கழித்துவிட்டு, கொடுத்தவற்றையே நூறாண்டுக்கு மேல் இனம் சேர்த்தான். அதில் பாசம் எங்கே வந்தது?

எடுத்துவரும் ஆசை அப்படி வந்தது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கண் திறந்து சில வாரமே ஆன குட்டி செருப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது, யாரும் சொல்லிக் கொடுக்காமல். அது ரத்தத்தில் இருப்பது. ஆனால் *யாருக்காக* எவ்வளவு தூரம் போகும் என்பது ரத்தத்தில் இல்லை. ராணுவத்தில், பழக்கியவர் விடுப்பில் போனால் அதே நாயை வேறொருவர் கூட்டிப் போவார். தேடும். சுலபமான இடமெல்லாம் தேடும். கடினமான இடம் வந்ததும் நின்று திரும்பிப் பார்க்கும். தன் ஆள் இருந்தால் அந்த இடத்தில் திரும்பிப் பார்க்காது, உள்ளே இறங்கிவிடும். மூக்கு அதே மூக்கு, பசியும் அதே பசி.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்), ஓர் அம்மா: ஆசிரியருக்கு நான் சொல்கிறேன். நாயும் அதன் ஆளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் என்ற பாச ஹார்மோன் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானில் கண்டார்களே. தாய்க்கும் பிள்ளைக்கும் நடப்பது அதேதானே? அதையும் பிஸ்கட் என்பாரா?

அம்மா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

அதே ஆசிரியர்: அதுவும் வேதிப்பொருள்தான்.

உங்கள் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள் சார்.

ராஜபாளையம்: இவ்வளவு நேரமாக வெள்ளைக்காரன் நாய்க்கே புகழாரம். எங்கள் நாட்டு நாய்களான சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் இந்த வைராக்கியம் இல்லையா? அதை ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

அப்பா, அவற்றை மட்டமாக எழுதினால் என் கை கூசும். ஆனால் வேலை வேறு. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். பொட்டல் காட்டில் முயல் கிளம்பினால் முடிவு எடுப்பது அந்த நாய்தான், நீங்கள் அரை மைல் பின்னால் இருப்பீர்கள். அந்த வேலைக்குத் தன்னிச்சை வேண்டும். லேபுக்கு வேண்டியது நேர்மாறு. ஓட ஆசை பொங்கும்போது "இரு" என்ற ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். பாதி வழியில் விசில் கேட்டால் நின்று உங்கள் கையைப் பார்க்க வேண்டும். கன்னியைக் கூப்பிட்டு "இடது பக்கம் போ" என்று கையை நீட்டிப் பாருங்கள். உங்களை ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான்.

ராஜபாளையம்: எங்க தாத்தாவோட கன்னி முயலைக் கொண்டுவந்து காலடியில் போடும்.

போட்டிருக்கும், நம்புகிறேன். நல்ல நாய். இந்த வழக்கை இதோடு முடிப்போம். இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.

அரவங்காடு: என் லேபுக்கு இரண்டு வயது. பந்து விளையாடி ஒரு பத்து நிமிடத்தில் பின்னங்கால் தள்ளாடுகிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஆனால் பந்தை மட்டும் விடமாட்டேன் என்கிறது.

இன்று வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான், மற்றவர்களும் படியுங்கள். உடனே விளையாட்டை நிறுத்துங்கள். லேப்ரடாரில் கடும் ஓட்டத்துக்குப் பின் கால் சோர்ந்து விழும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை 2008இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்தக் குறை வந்த நாய்க்கு, ஐந்து முதல் இருபது நிமிடம் உற்சாகமாக ஓடினாலே பின்னங்கால் பிடி விட்டுப் போகும். பெரும்பாலும் தேறிவிடும். சில நாய்கள் விழுந்த இடத்திலேயே செத்தும் இருக்கின்றன. இதயம், இடுப்பு மூட்டுக் கோளாறாகவும் இருக்கலாம், அதனால் மருத்துவரிடம் காட்டுங்கள். மரபணுச் சோதனையும் உண்டு. தள்ளாடும்போது வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முன்னால் அது ஒழுங்காக நடக்கும்.

நாம் மெச்சுகிற வைராக்கியத்துக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. கால் போனாலும் இந்த நாய் முன்னங்காலால் இழுத்துக்கொண்டு பந்திடம் போகும். போதும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேத்தி: சார், எடுக்குது, ஆனா குடுக்க மாட்டேங்குது.

மேலே. மேலே. கோத்தகிரி.

குன்னூர்: ராணுவத்தில் லேப் எதற்கு? கடிக்கவே தெரியாதே.

கடிக்க வேறு இனங்கள் இருக்கின்றன. லேபை எடுப்பது மூக்குக்கும் விடாப்பிடிக்கும். பறவைக்குப் பதில் வெடிமருந்து வாசனை, பரிசு பந்து. 2023 செப்டம்பரில் ஜம்முவின் ரஜௌரியில் கென்ட் என்ற ஆறு வயதுப் பெட்டை, தப்பியோடிய தீவிரவாதிகளின் தடத்தில் வீரர்களுக்கு முன்னால் போய்க் குண்டடிபட்டு இறந்தது. தன்னை நடத்தியவரைக் காத்து இறந்தது என்றே ராணுவம் சொன்னது.

மஞ்சூர்: குழந்தையை நாய் லேசாகக் கீறிவிட்டது. வீட்டு நாய்தான், ஊசி போட்டது. பரவாயில்லையா?

நான் பதில் சொல்லும் விஷயமில்லை இது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்புக்காக 1907இலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் வைத்த மலை நம்முடையது. இங்கே இருந்துகொண்டு அலட்சியம் வேண்டாம்.

குந்தா: லேப் குட்டி என்ன விலை வரும்?

முதல் பத்தியைப் படிக்கவும்.

எமரால்டு: தண்ணீரைக் கண்டால் பின்வாங்குகிறான். தூக்கிப் போட்டால் பழகிவிடுவானா?

தூக்கிப் போட்டால் ஆயுளுக்கும் இறங்க மாட்டான். வெயில் நாளில், அடி தெரியும் ஆழத்தில், நீங்கள் முதலில் இறங்குங்கள். நீந்தப் பிடித்த இன்னொரு நாய் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது. முழங்கால் ஆழத்தில் டம்மி போடுங்கள், அடுத்த வாரம் இன்னும் ஓரடி தள்ளி. டம்மிதான், குச்சி இல்லை. ஊட்டி ஏரி வேண்டாம், அந்தத் தண்ணீர் நாய் குடிக்க உகந்ததில்லை. பனிக்காலத்தில் ஈரத்தோடு விடாமல் அடிமயிர்வரை துவட்டுங்கள்.

கோத்தகிரி: விசில் எது வாங்க? கடையில் ரெஃப்ரி விசில்தான் இருக்கிறது.

உள்ளே குண்டு உருளும் விசில் வேண்டாம், ஈரத்தில் சத்தம் மாறும். குண்டில்லாத பிளாஸ்டிக் விசில், எண் போட்டது வாங்குங்கள். ஒரே எண்ணுக்கு ஒரே சுருதி. நீண்ட ஒரு ஊதல் "உட்கார்", குட்டிக் குட்டி ஊதல்கள் "வா". வீட்டில் எல்லோரும் அதையே ஊத வேண்டும். இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் தேயிலைக்குள் தொலையும்.