குழந்தையோடு பாட்டியையும் பார்க்கச் சொல்கிறார்கள்!

கேள்வி: எனக்கு 22 வயது. ஜெர்மனியில் ஒரு குடும்பம் என்னை ஓ பேராக (au pair, அதாவது வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கி அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவராக) எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு சமையல், வீடு முழுக்கச் சுத்தம், படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு உதவி என்று வேலை கூடிக்கொண்டே போகிறது. தங்க இடமும் சாப்பாடும் தருகிறார்களே, சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள். பாட்டியைப் பராமரிப்பது ஓ பேர் வேலையில் சேரவே சேராது, அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகளைக் கிளப்பிப் பள்ளியில் விடுவது, கூட்டிவருவது, விளையாட்டு, வீட்டுப்பாடம், அவர்களுக்கு எளிதாக ஏதாவது சமைப்பது, அவர்கள் துணியைத் துவைத்து மடிப்பது, இதெல்லாம் உங்கள் பொறுப்பு. சாப்பிட்ட மேசையைத் துடைப்பது மாதிரி சின்ன வேலைகளில் வீட்டில் ஒருவராகக் கைகொடுக்கலாம். வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவ அவர்கள் வேறு ஆள்தான் வைக்க வேண்டும்.

ஜெர்மனியில் வாரத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்: பெற்றோர் ராத்திரி வெளியே போயிருக்கிறார்கள், குழந்தை தூங்கிவிட்டது, நீங்கள் ஹாலில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றாலும் அந்த நேரமும் கணக்கில் வரும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, தனி அறை, மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், மொழி வகுப்புக்கு 70 யூரோ, இவையெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியவை. காப்பீட்டுச் செலவும் அவர்களுடையதே. அமெரிக்காவில் ஓ பேராக இருக்கும் தோழி வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் குழம்பாதீர்கள், அங்கே விதி வேறு.

உங்கள் பக்கமும் கவனம் வேண்டும். குழந்தைக்கு எந்த உணவு ஒவ்வாது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, பள்ளியிலிருந்து கூட்டிவர யாருக்கெல்லாம் அனுமதி என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் படத்தை எங்கும் போடாதீர்கள். குழந்தை கீழே விழுந்து லேசாகச் சிராய்த்திருந்தாலும் மறைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

கையெழுத்துப் போடும் முன் திங்கள் முதல் ஞாயிறு வரை எத்தனை மணிக்கு என்ன வேலை என்று ஒரு வார அட்டவணை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், இதற்கு முன் அங்கே இருந்த ஓ பேரோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் வேறு குடும்பம் பாருங்கள்.