வாசகர் கேள்வி பதில்: தம்பியிடம் நேராகக் கேட்கலாமா?

கேள்வி: தம்பிக்கு 26 வயது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு, கடனில் இருக்கிறான். ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை, குடியும் கூடிவிட்டது. "நான் ஒருத்தன் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிறான். ஆசை ஆசையாய் வாங்கிய பைக்கை நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். இரண்டு நாளாகத் திடீரென்று சிரித்துப் பேசுகிறான். தெளிந்துவிட்டான் என்கிறார் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்டதாக ஆகாதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. இன்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவருக்கு, ஒருவர் வாய்விட்டுக் கேட்பதே பெரும்பாலும் ஆறுதல்.

நீங்கள் எழுதியவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். தூக்கமின்மை, குடி, பாரமாக இருக்கிறேன் என்ற பேச்சு, பிரியமான பொருளைக் கொடுத்துவிடுவது என எல்லாம் சேர்ந்து வருவதுதான் அபாய அறிகுறி. இதற்கு முன் தற்கொலை முயற்சி செய்தவர் என்றால் அபாயம் இன்னும் அதிகம். அந்தத் திடீர் அமைதியை நம்பாதீர்கள். கடன் தீரவில்லை, வைத்தியம் பார்க்கவில்லை, முகம் மட்டும் தெளிந்திருக்கிறது. இனி வாழ்வதில்லை என்று முடிவெடுத்தபின் மனப்போராட்டம் ஓய்வதாலும் இப்படி ஆகலாம்.

அவர் குடிக்காமல் இருக்கும் நேரத்தில், தனியாக உட்கார்ந்து கேளுங்கள். "டேய், நீ பேசுறதைக் கேட்டா பயமா இருக்கு. செத்துடலாம்னு தோணுதாடா?" இவ்வளவு போதும். "தப்பா எதுவும் பண்ணிட மாட்டியே?" என்று கேட்டால், 'மாட்டேன்' என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

ஆமாம் என்றால் பதறாமல் இன்னும் மூன்று கேளுங்கள்: எப்படி என்று யோசித்தாயா, அதற்கானது கையில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்தாய். மூன்றுக்கும் பதில் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதுவரை ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள், இரவிலும் யாராவது கூடப் படுக்க வேண்டும். பதில் இல்லை என்றாலும் ஓரிரு நாளில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு உண்டு.

"அம்மாவை நினைச்சுப் பாத்தியா?" என்று சொல்லாதீர்கள். அம்மாவுக்குத் தான் ஒரு பாரம் என்றுதான் அவர் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார். ரம்மியைப் பற்றிய கண்டிப்பும் இப்போது வேண்டாம். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால் தராதீர்கள்: "உன் உயிர் விஷயம், ஒரு டாக்டர்கிட்ட மட்டும் சொல்வேன், நீயும் கூட இருக்கப்போ சொல்வேன்."

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இலவச எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்களே அழைத்து, என்ன செய்வது என்று கேளுங்கள். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050.

கேள்வி: வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டில்தான் இருக்கிறது. மருமகள் மனமுடைந்து இருக்கிறாள். மருந்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டால் போதுமா? சாக நினைப்பவரை இதனால் தடுக்க முடியுமா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: பரண் போதாது. தடுக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். அந்த வேகம் அலை போல ஏறி இறங்குவது. பலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில நிமிடம். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் உயிர் தப்புகிறது. ஒன்று கிடைக்காவிட்டால் எல்லோரும் இன்னொன்றைத் தேடிப் போவதில்லை. இலங்கை, கொடிய பூச்சிமருந்துகளை 1980களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1995ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. உங்கள் கடலூர் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில் பகுதியில், வங்கி லாக்கர் மாதிரி ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் மருந்தை வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மிச்ச மருந்தை இன்றே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அங்கேயும் பூட்டி வைக்க வேண்டும். சாவி உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. இனி அன்றன்றைக்குத் தேவையான அளவு வாங்கி, வயலிலேயே தீர்த்துவிடுங்கள். எலிமருந்து வேண்டவே வேண்டாம். பெரியவர்களின் சுகர், பிரஷர் மாத்திரைகளை மறந்துவிடுகிறோம். அவற்றை வாரத்துக்கு ஒரு அட்டையாக வாங்கி ஒருவர் பொறுப்பில் வையுங்கள். மருமகளிடம் மறைக்காமலே சொல்லலாம்: "உனக்கு மனசு சரியாகுற வரைக்கும் இதெல்லாம் இங்க வேணாம்மா."

கேள்வி: விஷம் குடித்தவர் வாந்தி எடுத்துத் தெளிவாக இருந்தால், போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கூடாது. 108ஐ அழையுங்கள். சில விஷங்கள் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் பிறகு கல்லீரலைத் தாக்கும். உப்புக் கரைசல் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆளைக் கொல்லும். பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போய், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உண்மையைச் சொல்லுங்கள்.

மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்வது வழக்கமான நடைமுறை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115ஆவது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை.

வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, ஒரு வாரத்துக்குள் வருமாறு மனநலப் பிரிவில் தேதி வாங்கி, கூடப் போவது யார் என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். பலனில்லை என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஆரம்ப நாட்களில் படபடப்பு கூடினால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.