படையினர் நிதிக்குக் காசு கொடுக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கோட்டையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். போன மாதம் எங்கள் கந்தோரில் அங்கவீனமுற்ற படையினரின் குடும்பங்களுக்கு உதவும் தொண்டு அமைப்பு ஒன்றுக்குக் காசு சேர்த்தார்கள். பட்டியலைக் கொண்டுவந்தவள் என் நல்ல சிநேகிதி. அவளுடைய அண்ணன் முகமாலையில் காலை இழந்தவர். ஆயிரம் ரூபா கொடுத்தேன். வீட்டில் சொன்னதும் அம்மா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. என் மாமா 2009 மே மாதம் வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்தவர், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நான் செய்தது பிழையா? கொடுக்காவிட்டால் கந்தோரில் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

பிழை இல்லை. ஆனால் உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. போர் முடிந்ததை நினைவுகூரும் மே மாதத்தில் காலி வீதிக் கடைகளில் தொங்கும் தேசியக் கொடிகளிலும் அந்தப் பயம் கொஞ்சம் இருக்கிறது. பயத்தில் கொடுப்பவர் காசு எங்கே போகிறது என்று கேட்கமாட்டார். கேட்கலாம். கேட்பது துரோகமும் இல்லை, வெறுப்பும் இல்லை.

இதே கொழும்பில் தொண்ணூறு வருடங்களுக்கு முன்னரே அதைக் கேட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் முன்னாள் படையினர் நிதிக்காக இங்கே பொப்பிப் பூ விற்றார்கள். சேர்ந்ததில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது, இங்குள்ள முன்னாள் படையினருக்குக் கிடைத்தது சொற்பம். 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் அதே நாளில் போட்டியாகச் சூரிய மல், அதாவது நம் பூவரசம் பூவை, விற்கத் தொடங்கினார். அவரே ஒரு முன்னாள் படைவீரர் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகத்தார் அதைக் கையில் எடுத்தார்கள். அப்புறம் அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகி, 1934–35 மலேரியாக் காலத்தில் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோனது.

சரி, உங்கள் ஆயிரம் ரூபாவுக்கு வருவோம். அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்கிறதே, நாங்கள் ஏன் என்று வெள்ளவத்தையில் பலர் கேட்பார்கள். 1999இல் சட்டம் போட்டு, படையினரின் நலன் பார்க்க ரணவிரு சேவா அதிகார சபையை அமைத்தார்கள், ராகமையில் படையினருக்கான புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 2016 நவம்பரில் கோட்டையில் வீதியில் இருந்து போராடியவர்களும் அங்கவீனமுற்ற படையினர்தான். 12 வருட சேவை முடியுமுன் காயப்பட்டு விலகியவர்கள் ஓய்வூதியம் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். பொலிஸ் வந்து கலைத்தது. வீரர் என்று சிலை வைத்த அரசுதான் அதையும் செய்தது. பெரும்பாலும் பொலன்னறுவை, மொனராகலை போன்ற இடங்களின் ஏழை வீடுகளிலிருந்து சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

இன்னொன்று, காலைப் பற்றியது. பொய்க்கால் ஒருமுறை பூட்டினால் முடிந்துவிடும் காரியமில்லை. மிஞ்சிய கால் வருடத்துக்கு வருடம் மெலியும், அது நுழையும் பொய்க்காலின் கிண்ணம் பொருந்தாமல் உரசிப் புண்ணாகும், சில வருடங்களுக்கொருமுறை புதிதாகச் செய்ய வேண்டும். 2009இல் 25 வயதாக இருந்தவர் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார், இனியும் பல கால்கள் தேவைப்படும். போர் முடிந்த சூட்டில் வந்த நன்கொடைகளோ வற்றிவிட்டன. அதனால்தான் விழாக் கொண்டாடும் அமைப்பை விட, பதினைந்து வருடம் கழித்தும் கால் செய்துகொண்டிருக்கும் அமைப்புக்கு என் காசைக் கொடுப்பேன். கொம்பனித்தெருவில் கொழும்பு பிரெண்ட் இன் நீட் சொசைட்டி இருக்கிறது. 1831இல் தொடங்கிய பழைய அமைப்பு, 1985 முதல் ஜெய்ப்பூர் கால் என்ற பொய்க்காலைச் செய்கிறது. சேற்றில் நடக்கவும் குந்தியிருக்கவும் வசதியான கால் அது. அங்கே படையினரும் போனார்கள், பொதுமக்களும் போனார்கள். யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் ஒன்று உண்டு. முன்னாள் போராளிகளுக்கு ஓய்வூதியமும் கிடையாது, அதிகார சபையும் கிடையாது. வன்னியில் ஒற்றைக் காலோடு கூலி வேலை தேடும் ஒருவருக்கு இப்படியான அமைப்புகளை விட்டால் வேறு கதவில்லை. உங்கள் அடுத்த ஆயிரத்தை அங்கே அனுப்பலாமே.

உங்கள் மாமாவை நினைக்கும்போது எனக்கு விசாகா தர்மதாச ஞாபகம் வருகிறார். 1998இல் கிளிநொச்சிச் சண்டையில் காணாமற்போன இராணுவ அதிகாரியின் தாய். தன்னைப் போன்ற பெற்றோரைச் சேர்த்து ஓர் அமைப்பு தொடங்கினார். படையினருக்கு அடையாளத் தகடு வேண்டும் என்று கேட்டார், பிறகு தமிழ்த் தாய்மாரோடும் சேர்ந்து வேலை செய்தார். 2016இன் சட்டப்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் சரணடைந்தவர்களையும், போரில் காணாமற்போன படையினரையும் சேர்த்தேதான் தேட வேண்டும். பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அது வேறு கதை. உங்கள் மாமாவுக்கு என்ன நடந்தது என்று கேட்கும் உரிமையை நீங்கள் ஆயிரம் ரூபாவுக்கு விற்கவில்லை. சிநேகிதியின் அண்ணனுக்குக் கால் வேண்டும், உங்கள் மாமாவின் விஷயத்துக்குப் பதில் வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று விலையாக வைக்கத் தேவையில்லை.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டி வாதாட வேண்டாம். கொடுக்காமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. சிநேகிதியிடம் மட்டும் கேளுங்கள்: போன மாதம் சேர்ந்த காசு எந்தக் குடும்பங்களுக்கு, எதற்காகப் போனது, ரசீது உண்டா? அவளுடைய அண்ணனின் கால் இப்போது சரியாகப் பொருந்துகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.